டீசல் பிக்கப் லிட்டருக்கு 11 கிலோமீட்டரிலிருந்து 8-க்கு இறங்கிவிட்டது: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

உட்லண்ட்ஸ் குளிர்சாதனம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் குளிர்சாதனம் பொருத்திப் பராமரித்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். கையில் இருப்பது 2019-இல் பதிவான 2.4 லிட்டர் டர்போ டீசல் பிக்கப். டபுள் கேப், ஆட்டோ கியர், மீட்டரில் 142,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்பெல்லாம் 60 லிட்டர் அடித்தால் 680 கிலோமீட்டர் ஓடும். இப்போது அதே 60 லிட்டருக்கு 500-ஐத் தொடுவதே பெரும்பாடாக இருக்கிறது. லிட்டருக்கு 11.3 என்று இருந்தது 8.3 ஆகிவிட்டது. புகை இல்லை, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை, மேம்பாலம் ஏறும்போது இழுவை குறைந்ததாகவும் தெரியவில்லை.

காற்று வடிகட்டி, டீசல் வடிகட்டி, என்ஜின் எண்ணெய் மூன்றையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. வழக்கமாகப் போகும் பட்டறையில் வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கையும் மாற்ற வேண்டும் என்று சொன்னார்கள். விலையைக் கேட்டதும் யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டியை ஓட்டுபவர் எங்களிடம் நான்கு ஆண்டுகளாக வேலை செய்யும் தம்பி, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். இரவில் வண்டி அவருடைய தங்குமிடத்துக்கு அருகில்தான் நிற்கிறது. டீசல் வேறு வழியில் போகிறதோ என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் தோன்றவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. அவரிடம் இதுவரை எதுவும் கேட்கவில்லை.

பழைய டீசல்

உங்களுடையது யூரோ 6 புகை விதிப்படி வந்த வண்டி. 2018-க்குப் பிறகு இங்கே பதிவான டீசல் வண்டிகள் அனைத்திலும் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் அந்த டிபிஎஃப் வடிகட்டி இருக்கும்; அதுதான் டீசலைக் குடிக்கிறது. என்னுடையது 2008-இல் பதிவானது, வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து இன்றும் ஓட்டுகிறேன். அதில் இந்தத் தொல்லை கிடையாது. வடிகட்டியின் குடலை உருவி எடுத்துவிட்டு, கணினியில் அதை அணைத்துவிட்டால் பழைய கணக்கு திரும்பிவிடும். அதுவரை டீசலில் ஒரு புட்டி சேர்மானம் ஊற்றிப் பாருங்கள், நான் பல ஆண்டுகளாக ஊற்றுகிறேன்.

காக்கிபுக்கிட் ஸ்பானர்

பழைய டீசல் அண்ணன் மீது மரியாதை உண்டு, ஆனால் இதை யாரும் செய்துவிட வேண்டாம். டிபிஎஃப்பை உருவுவது இங்கே சட்டப்படி குற்றம். பத்து ஆண்டுக்கு உட்பட்ட சரக்கு வண்டி ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேற்பட்டது ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் சோதனை நிலையத்துக்குப் போயாக வேண்டும். அங்கே மாட்டினால் உருவியதை மறுபடி வாங்கிப் பொருத்த வேண்டிவரும், அதன் விலை நான்கு இன்ஜெக்டர்களின் விலைக்குக் குறைந்ததாக இருக்காது. வடிகட்டி டீசலைக் குடிக்கிறது என்பதும் பாதி உண்மைதான். நல்ல நிலையில் உள்ள வண்டியில் அது சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை சேர்ந்த கரியை எரித்துக்கொள்ளும். அதற்காகும் கூடுதல் டீசலை நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். அது அடிக்கடி எரிக்கத் தொடங்கினால், ஏன் அடிக்கடி என்றுதான் கேட்க வேண்டும்.

உட்லண்ட்ஸ் அண்ணனுக்கு: இன்ஜெக்டரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இன்ஜெக்டர் கெட்டால் காலையில் எழுப்பும்போது தட்டும் சத்தம், ஐடிலில் (வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது) நடுக்கம், வெள்ளை அல்லது கருப்புப் புகை, இவற்றில் ஒன்றாவது காட்டும். உங்கள் வண்டி எதையும் காட்டவில்லை. சந்தேகம் இருந்தால்கூட, ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்புகுழாயையும் தனித்தனி புட்டியில் விட்டு, என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, எந்தப் புட்டியில் டீசல் அதிகம் சேர்கிறது என்று பார்த்துவிடலாம். அந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கையும் மாற்றச் சொல்வது, காய்ச்சலை அளக்காமலே ஊசி போடுவதைப் போன்றது.

எனக்கு முதலில் தெரிய வேண்டியவை: எண்ணெய் மட்டக் குச்சியில் அளவு எங்கே நிற்கிறது, சிறிது நேரம் ஓடிய பிறகு நான்கு சக்கரங்களும் எவ்வளவு சூடாக இருக்கின்றன, டயர் அளவும் காற்றழுத்தமும் என்ன, வண்டிக் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் மாட்டினால் விரைவுச்சாலையில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூடு எத்தனை டிகிரி காட்டுகிறது. கடைசியாகச் சொன்னதற்கு டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பல வண்டிகளில் அந்த முள் 75 டிகிரியிலும் நடுவில்தான் நிற்கும், 100 டிகிரியிலும் நடுவில்தான் நிற்கும். ஓட்டுபவர் பயந்துவிடக் கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை

பழுது பார்ப்பது எனக்குத் தெரியாது, நான் ஒரு தளவாட நிறுவனத்தில் வண்டிக் கணக்கு எழுதுபவன். ஆகவே ரசீதுகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இந்த 8.3 என்பதை எப்படி அளந்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். டீசல் நுரைக்கும் பொருள். வேகமாக அடித்தால் நுரை மேலே வந்து பம்பின் துப்பாக்கி முன்கூட்டியே கிளிக் என்று நின்றுவிடும். மெதுவாக அடித்தால் அதே தொட்டியில் இன்னும் இரண்டு மூன்று லிட்டர் இறங்கும். 60 லிட்டரில் 3 லிட்டர் என்பது ஐந்து விழுக்காட்டுப் பிழை. அதனால் ஒரே நிலையம், ஒரே பம்பு, முதல் கிளிக்கோடு நிறுத்துவது என்று வைத்துக்கொண்டு, குறைந்தது நான்கு நிரப்பல்களின் கூட்டுத்தொகையை எடுக்க வேண்டும். ஒரு நிரப்பலை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

அடுத்தது, அந்தத் தம்பியைப் பற்றி. வண்டியில் கை வைப்பவர் எல்லா முறையும் ஒரே அளவாக எடுப்பதில்லை. ஒரு வாரம் 15 லிட்டர் போகும், அடுத்த வாரம் ஒன்றும் போகாது, ஊருக்குப் பணம் அனுப்பும் வாரத்தில் இரண்டு முறை போகும். ஆகவே திருட்டு இருந்தால் கணக்கு 7, 11, 9, 6 என்று ஏறி இறங்கும். வண்டியில் பழுது இருந்தால் ஒரே மட்டத்தில் படுத்திருக்கும், அல்லது மெல்ல மெல்ல இறங்கும். உங்களிடம் ரசீதுகள் இருந்தால் தேதி, மீட்டர், லிட்டர் மூன்றையும் இங்கே போடுங்கள். அதுவரை அவரிடம் ஒரு சொல்லும் கேட்காதீர்கள். கேட்ட சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது.

துவாஸ் ஓட்டுநர்

நானும் ஓட்டுநர்தான், 16 ஆண்டுகளாக. டீசல் குறைந்தால் முதல் சந்தேகம் எங்கள் மீதுதான் வரும் என்பது பழகிவிட்டது. கணக்குப்பிள்ளை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: வண்டியில் என்ன மாறியது என்று முதலாளிக்குத் தெரிவதற்கு முன் ஓட்டுநருக்குத் தெரிந்திருக்கும். அவரைக் குற்றவாளியாக வைத்துக் கேட்காமல், வண்டி எப்படி இருக்கிறது தம்பி என்று கேட்டுப் பாருங்கள்.

உட்லண்ட்ஸ் குளிர்சாதனம்

பதில் எழுதியவர்களுக்கு நன்றி. ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.

நிறுவன அட்டையில் அடிப்பதால் ரசீதுகள் எல்லாம் இருந்தன. என் மகள் உட்கார்ந்து அட்டவணை போட்டுக் கொடுத்தாள். ஓராண்டுக்கு முன் 11.1-க்கும் 11.5-க்கும் இடையே இருந்திருக்கிறது. பத்து மாதத்துக்கு முன் திடீரென 10.9 ஆகி அங்கேயே நின்றது. எட்டு மாதத்துக்கு முன் 9.4-க்கு இறங்கியது. அதன் பிறகு மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசி மூன்று மாதத்தின் 11 நிரப்பல்களும் 8.1-க்கும் 8.6-க்கும் இடையே இருக்கின்றன. ஏற்ற இறக்கம் என்று எதுவும் இல்லை. வீட்டில் அட்டவணையைக் காட்டினேன், பேச்சு நின்றது.

பத்து மாதத்துக்கு முன் நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது, டயர் மாற்றினேன். பழைய அளவு 245/70 ஆர்16. கடையில் அது கையிருப்பில் இல்லை என்று 265/70 ஆர்16 போட்டார்கள், மண் சாலைக்கும் ஏற்ற முரட்டு ரகம். பார்க்கவும் நன்றாக இருந்ததால் நானும் சரி என்றேன். எட்டு மாதத்துக்கு முன் துவாஸ் தொழிற்சாலை ஒப்பந்தம் முடிந்தது. முன்பு உட்லண்ட்ஸிலிருந்து புக்கிட் தீமா, கிராஞ்சி விரைவுச்சாலைகள் வழியாகத் தீவு விரைவுச்சாலையைப் பிடித்துத் துவாஸுக்கு ஒரே ஓட்டம். இப்போது அங் மோ கியோ, தோ பாயோ, பொங்கோல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு நாளைக்கு ஏழெட்டு வீடு, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மூன்று நான்கு கிலோமீட்டர்தான். அதற்குப் பிறகான மெதுவான இறக்கம்தான் எனக்குப் புரியவில்லை.

காற்றழுத்தம்: கதவுத் தூணில் ஒட்டியுள்ள தாளில் பின் சக்கரத்துக்கு 35 பிஎஸ்ஐ என்று இருக்கிறது, இருந்ததோ 27.

கணக்குப்பிள்ளை

முதல் படி இறங்கியதற்கு விடை கிடைத்துவிட்டது. அதில் பெரும்பகுதி இழப்பே இல்லை. 245/70 ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 749 மில்லிமீட்டர், 265/70 ஆர்16-இன் விட்டம் 777. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 3.7 விழுக்காடு அதிகம் நகரும், ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. அது பழைய டயர் என்று நினைத்தே எண்ணிக்கொண்டிருக்கும். மீட்டர் 500 என்று காட்டும்போது நீங்கள் உண்மையில் 518 ஓடியிருக்கிறீர்கள். 11.3-ஐ 1.037-ஆல் வகுத்துப் பாருங்கள், 10.9 வரும், உங்கள் ரசீதில் இருப்பதும் அதுதான். நம்பிக்கை வராவிட்டால் கைப்பேசி ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டு 50 கிலோமீட்டர் போய்வாருங்கள், மீட்டர் 48.2 அளவில் காட்ட வேண்டும்.

வேகமானியும் அதே அளவு குறைத்துச் சொல்லும் என்பதை ஓட்டுநரிடம் சொல்லிவையுங்கள். 3,500 கிலோவுக்கு உட்பட்ட இலகுரக வண்டிக்கு விரைவுச்சாலையில் 70 தான் எல்லை. பெரிய டயரோடு முள் 70-இல் நிற்கும்போது முன்பு இருந்ததைவிட இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

ஆக, இன்றைய உண்மைக் கணக்கு 8.3 அல்ல, 8.6. இனி 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பேசினால் கூட்டிக் கழிக்க வசதியாக இருக்கும். முன்பு 8.8 லிட்டர், இப்போது உண்மையில் 11.6 லிட்டர். தேட வேண்டியது 2.8 லிட்டர்.

காக்கிபுக்கிட் ஸ்பானர்

இரண்டாவது படி ஊருக்குள் வந்ததன் விலை. அதை முழுமையாகத் திரும்பப் பெற முடியாது. இரண்டு டன்னுக்குக் குறையாத வண்டியை, செம்புக் குழாயும் கேஸ் சிலிண்டரும் ஏணியும் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு விளக்கிலும் நிறுத்தி மறுபடி உருட்டுவதற்கு டீசல் வேண்டும்தானே. மூன்றாவதாக மெல்ல இறங்கியதே, அதில்தான் பழுது ஒளிந்திருக்கிறது. எண்ணெய் மட்டம், சக்கரச் சூடு, கூலன்ட் சூடு மூன்றையும் இன்னும் சொல்லவில்லையே அண்ணன்?

ஈசூன் அக்கா

நான் பூக்களும் கோயில் பிரசாதப் பெட்டிகளும் விநியோகிக்கும் வேன் ஒன்று வைத்திருக்கிறேன். எங்களுக்கும் இப்படித்தான் ஆனது, காரணம் வேறாக இருந்தது. ஏற்றி இறக்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பேர் மேலே போவார்கள்; ஓட்டுநர் கீழே இருந்தாக வேண்டும், யாராவது வந்து எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். மதியம் இரண்டு மணி வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார முடியுமா? குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு என்ஜினை ஓடவிடுவார். நிற்கும் வண்டியில் என்ஜினைத் தேவையில்லாமல் ஓடவிடுவது இங்கே குற்றம் என்பது எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் நடக்கும். நீங்கள் குளிர்சாதனத் தொழில் செய்பவர், உங்கள் ஓட்டுநர் வெயிலில் எங்கே உட்காருகிறார் என்று கேட்டிருக்கிறீர்களா?

உட்லண்ட்ஸ் குளிர்சாதனம்

அக்கா, கேட்டதில்லை. நேற்றுதான் முதல் முறையாக ஒரு நாள் முழுவதும் அவரோடு வண்டியில் போனேன். பார்த்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

என் நண்பரிடமிருந்து ஸ்கேனர் வாங்கி மாட்டிக்கொண்டேன். அன்று வண்டி ஓடிய தூரம் 75 கிலோமீட்டர். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வண்டி நின்றிருந்த நேரத்தை, சாலை விளக்குகளைக் கணக்கில் சேர்க்காமல் குறித்தேன். 50 நிமிடம் வந்தது. குளிர்சாதனம் ஓடும்போது ஐடிலில் மணிக்கு 0.9 லிட்டர் போவதாக ஸ்கேனர் காட்டியது. அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே அந்த 50 நிமிடமும் பக்கத்து இருக்கையில் குளிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் கிராஞ்சி விரைவுச்சாலையில் 70-இல் ஓடவிட்டுப் பார்த்தபோது கூலன்ட் சூடு 66-க்கும் 72-க்கும் இடையே ஆடியது. முள் நடுவில்தான் நின்றது, ஸ்பானர் சொன்னது போலவே. வெளியில் 31 டிகிரி வெயில்.

வண்டியை நிறுத்தியதும் சக்கரங்களைப் பார்த்தேன். குளிர்காற்று எத்தனை டிகிரியில் வருகிறது என்று பார்ப்பதற்காகப் பையில் எப்போதும் ஓர் அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருப்பேன். எத்தனையோ வீடுகளில் அதைப் பிடித்திருக்கிறேன், என் வண்டியின் சக்கரத்தின் மீது பிடிக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. வலது பின் சக்கர டிரம் 52 டிகிரி. இடது பின் சக்கரம் 118. முதலில் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு முறை சுட்டேன். பிறகு குனிந்தபோது வாடையே வந்தது, பழைய இஸ்திரிப் பெட்டியின் வாடை.

எண்ணெய்க் குச்சி: மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை. மாற்றி இரண்டே மாதம் ஆகிறது; அளவாகத்தான் ஊற்றினார்கள். குச்சியை மூக்கருகே கொண்டுபோனால் டீசல் மணக்கிறது.

காக்கிபுக்கிட் ஸ்பானர்

இப்போது எல்லாம் பொருந்தி வருகிறது. வண்டியை அதிகம் ஓட்ட வேண்டாம், இந்த வாரமே உள்ளே விடுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், பின்னால் யாராவது இதே தொல்லையோடு வந்தால் உதவும்.

தெர்மோஸ்டாட் என்பது என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் இருக்கும் மெழுகுக் கதவு. உள்ளே அடைத்த மெழுகு சூட்டில் விரிந்தால் கதவு திறக்கும், ஆறினால் வில் அதை மூடும். உங்களுடையது முழுதாக மூடுவதில்லை. அதனால் என்ஜின் ஓடத் தொடங்கிய நொடியிலிருந்தே கூலன்ட் ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் வெயிலில் என்ஜின் குளிர்ந்துபோகுமா என்று பலர் சிரிப்பார்கள். என்ஜினுக்கு வேண்டியது 85, 90 டிகிரி. அதோடு ஒப்பிட்டால் 31 டிகிரிக் காற்று குளிர்க்காற்றுதான்.

குளிர்ந்த என்ஜின் என்ன செய்யும்? கணினி அதை இன்னும் சூடேறாத வண்டி என்று கருதிக் கூடுதல் டீசலைக் கொடுக்கும். அது சிறிய இழப்பு. பெரிய இழப்பு டிபிஎஃப்பில் இருக்கிறது. வடிகட்டியில் சேர்ந்த கரி எரிய வேண்டுமானால் அங்கே 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஊருக்குள் ஓடும் வண்டியின் புகைக்குத் தானாக அந்தச் சூடு வராது. அதனால் கணினி, எரிப்பு முடிந்த பிறகு சிலிண்டருக்குள் இன்னொரு சொட்டு டீசலைப் பீய்ச்சி, அதைப் புகையோடு வெளியே தள்ளி, வடிகட்டிக்கு முன்னால் எரியவைத்துச் சூட்டை ஏற்றும். அந்த டீசல் வண்டியை ஓர் அங்குலமும் நகர்த்தாது. என்ஜின் போதிய சூட்டில் இருந்து, இடையில் நிறுத்தாமல் பதினைந்து இருபது நிமிடம் ஓடினால் வேலை முடிந்துவிடும். உங்கள் வண்டியோ எட்டு நிமிடத்தில் அடுத்த புளோக்குக்குப் போய் நின்றுவிடுகிறது; என்ஜின் சூடும் எல்லைக்கு மேலும் கீழுமாக ஆடுகிறது. ஆகவே தொடங்கும், பாதியில் நிற்கும், கரி மிச்சமிருக்கும், மறுபடி தொடங்கும். ஒவ்வொரு முறையும் பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து எண்ணெயில் கலந்துவிடும். உங்கள் குச்சியில் ஏறியிருக்கும் அந்த ஒரு விரற்கடை அதுதான். எண்ணெய் நீர்த்துப்போனால் பேரிங்கும் டர்போவும் தேயும். மட்டம் மேலும் ஏறினால் என்ஜின் எண்ணெயையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கும் அபாயமும் உண்டு. டீசல் கணக்கைவிட எனக்கு இதுதான் கவலை.

ஸ்கேனரில் கடைசியாக எரித்தது எத்தனை கிலோமீட்டருக்கு முன் என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள்.

பின் சக்கரத்துக்கு: பெரும்பாலும் ஹேண்ட்பிரேக் கேபிளின் உறைக்குள் தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருக்கும், கைப்பிடியை இறக்கினாலும் பிரேக் ஷூ முழுதாக விடாது. ஜாக் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் தெரிந்துவிடும்.

பழைய டீசல்

வடிகட்டியை உருவச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். உருவியிருந்தால் தெர்மோஸ்டாட்டும் பிரேக்கும் அப்படியே இருந்திருக்கும். ஆனால் சேர்மானத்தைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான். எல்லை தாண்டி ஜொகூரில் அடிப்பவர்கள் அங்குள்ள டீசலில் பாமாயில் கலந்திருப்பதையும் கவனிக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

அண்ணன், சேர்மானம் ஊற்றிய மாதத்தின் ரசீதும் ஊற்றாத மாதத்தின் ரசீதும் வைத்திருந்தால் போடுங்கள், நான் கூட்டித் தருகிறேன். பாமாயில் டீசலைப் பொறுத்தவரை, முழுக்க அதுவாகவே இருந்தாலும் ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் எட்டு விழுக்காடு அளவுக்குத்தான் குறைவு. பத்தில் ஒரு பங்கு கலந்தால் வித்தியாசம் ஒரு விழுக்காட்டைத் தொடாது. நுரையால் வரும் பிழைக்குள் அது காணாமல் போய்விடும்.

உட்லண்ட்ஸ் குளிர்சாதனம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஸ்பானர் கேட்ட வரியைப் பார்த்தேன்: கடைசியாகக் கரி எரித்தது 31 கிலோமீட்டருக்கு முன். அதற்கடுத்த நாள் மறுபடி தொடங்கியிருந்தது. சராசரி 118 கிலோமீட்டருக்கு ஒன்று.

வேறு ஒரு பட்டறைக்குப் போனேன். பழைய தெர்மோஸ்டாட்டைக் கேட்டு வாங்கி வந்து, வீட்டில் ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பில் ஏற்றிப் பார்த்தேன். அதன் விளிம்பில் 82 என்று பொறித்திருக்கிறது, அந்தச் சூட்டில்தான் அது திறக்கத் தொடங்க வேண்டும். குழாய்த் தண்ணீரிலேயே கதவு நகம் நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தது. வளையத்தில் ஒரு பக்கம் வெள்ளையாக ஏதோ படிந்து கல்லாகியிருந்தது. அது கதவை மூடவிடவில்லை. கூலன்ட் குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றியது நான்தான். புதியதைப் போட்டு, சரியான கூலன்ட் நிரப்பிய பிறகு 86-க்கும் 89-க்கும் இடையே அசையாமல் நிற்கிறது.

இடது பின் சக்கரத்தில் கேபிள்தான். உறையைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தபோது தேநீர் நிறத்தில் தண்ணீர் சொட்டியது. கேபிளையும் கருகிய ஷூக்களையும் மாற்றினார்கள். எண்ணெயை மாற்றச் சொன்னபோது முன்பு ஊற்றியது என்ன ரகம் என்று கேட்டார்கள். ரசீதில் 15டபிள்யூ-40 என்று இருந்தது, டிபிஎஃப் வண்டிக்கு உரிய சாம்பல் குறைந்த ரகம் அல்ல. இப்போது கையேட்டில் சொன்ன 5டபிள்யூ-30 ஊற்றியிருக்கிறோம். டயர் காற்றையும் சரிசெய்தேன். இன்ஜெக்டர் புட்டிச் சோதனையும் செய்தார்கள். நான்கு புட்டியிலும் ஒரே அளவு.

வெயிலுக்கு வேறு ஏற்பாடு செய்தேன். ஓட்டுநர் தம்பியும் மேலே வந்துவிடுவது, வண்டியை ஏற்றி இறக்கும் இடத்தில் விடாமல் முறையான நிறுத்தத்தில் விடுவது, நிறுத்தக் கட்டணத்தை நிறுவனம் ஏற்பது. என்ஜின் வீணாக ஓடும் நேரம் நாளைக்கு 15 நிமிடமாகக் குறைந்துவிட்டது, வேலையும் சீக்கிரம் முடிகிறது.

கடைசி நான்கு நிரப்பல்களின் சராசரி, மீட்டர்படி 10.0.

கணக்குப்பிள்ளை

டயரைச் சேர்த்தால் உண்மையில் 10.4. 100 கிலோமீட்டருக்கு 9.6 லிட்டர். பழுதுகளால் மட்டும் போனது 1.3 லிட்டர் அளவு, நின்றபடி எரிந்ததில் மிச்சமானது 0.7 அளவு. பழைய 8.8-க்கும் இப்போதைய 9.6-க்கும் இடையே உள்ளது ஊருக்குள் ஓடுவதும் அந்த முரட்டு டயரும். டயர் தேய்ந்ததும் பழைய அளவுக்கே போங்கள். நீங்கள் மாதம் 1,800 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்தால் 36 லிட்டர் மிச்சம். அதில் வரி மட்டும், 2019-இல் லிட்டருக்கு 20 காசாக உயர்த்தியதே, அந்தக் கணக்கில் 7 வெள்ளி 20 காசு.

காக்கிபுக்கிட் ஸ்பானர்

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை, வேலை முடிந்து திரும்பும்போது விரைவுச்சாலைகளில் நிறுத்தாமல் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். கரி எரிந்து முடியட்டும். இரண்டு மாதம் கழித்து எண்ணெய்க் குச்சியை மறுபடி பாருங்கள். மட்டம் ஏறாமல் இருந்தால் இந்தப் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

துவாஸ் ஓட்டுநர்

அந்தத் தம்பியிடம் கேட்டீர்களா, இல்லையா?

உட்லண்ட்ஸ் குளிர்சாதனம்

கேட்டேன் அண்ணன். பட்டறையில் டிரம்மைக் கழற்றியபோது பக்கத்தில்தான் நின்றிருந்தார். கருகிய ஷூவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இடது பக்கம் வாடை வருகிறது என்று தீபாவளிக்கு முன்பே சொன்னேனே முதலாளி என்றார். கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். குரல் செய்தியாக அனுப்பியிருக்கிறார், 14 நொடி. நான் அதைத் திறக்கவே இல்லை.